மறியலுக்குப் போனவனுக்கு இன்சுலின் யார் போடுவது?

விசுவமடு_தங்கச்சி | சனி, இரவு 7.20

வணக்கம். நான் இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள், எழுதுவது குறைவு. இன்றைக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

என் தம்பிக்கு 26 வயது. 14 வயதிலிருந்து சீனி வருத்தம். குளிசையில் நிற்கிற வகை இல்லை, காலையும் பின்னேரமும் இன்சுலின் போட வேண்டும். வியாழன் விடியப்புறம் ஆற்று மண் ஏற்றி வந்த உழவு இயந்திரத்தைப் பொலிஸ் மறித்தது. இயந்திரமும் இவனுடையது இல்லை, பெட்டியும் இவனுடையது இல்லை, நாள் கூலிக்கு ஓட்டப் போனவன். வெள்ளி நீதவான் முன்னால் கொண்டுபோனார்கள், 14 நாள் விளக்கமறியல், தீர்ப்பு வராமலே சிறை. சட்டத்தரணி பிடிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. பொலிஸ் நிலையத்தில் இருந்தவர்கள் பரவாயில்லை, வியாழன் பின்னேரமும் வெள்ளி காலையும் அம்மாவை உள்ளே விட்டு ஊசி போட விட்டார்கள். அதுதான் கடைசி ஊசி.

இன்று விடிய நாலரை பஸ்ஸில் அம்மா போனார். மருந்துக் குப்பியை ஐஸ்கட்டி போட்ட போத்தலில் வைத்து, கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றி, சோற்றுப் பார்சலும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு. வாசலில் சோற்றை வாங்கினார்கள், சவர்க்காரத்தை வாங்கினார்கள், மருந்தை வாங்கவில்லை. வெளி மருந்து எடுப்பதில்லையாம், உள்ளே டொக்டர் எழுதினால்தான் கொடுக்கலாமாம். டொக்டர் எப்போது வருவார்? திங்கள். கொப்பியையாவது உள்ளே கொடுங்கள் என்று அம்மா கேட்டிருக்கிறார், அதையும் திருப்பித் தந்துவிட்டார்கள். போத்தலில் ஐஸ் எல்லாம் தண்ணீராகிப்போய் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

திங்கள் வரை தாங்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பாலைப்பழம் | சனி, இரவு 7.41

தங்கச்சி, தாங்காது. நான் 19 வருடமாக ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், பயமுறுத்த எழுதவில்லை. சிறுவயதில் வந்த சீனி என்றால் அவருடைய உடம்பு இன்சுலினைத் தானாகச் சுரக்காது. சாப்பிடாவிட்டாலும் ஊசியை முற்றாக நிறுத்தக்கூடாது. ஒரு நாள், ஒன்றரை நாளிலேயே இரத்தம் அமிலமாகத் தொடங்கிவிடும். முதலில் தாகம், அடிக்கடி சலம் போகும், பிறகு வயிற்று வலி, சத்தி, பிறகு ஓடி வந்தவர் மாதிரி ஆழமாக மூச்சு வாங்கும். அந்த மூச்சு வந்துவிட்டால் மணித்தியாலக் கணக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்குப் பெரிய பயம். மறியலுக்குப் புதிதாக வந்த இளம் பெடியன் ஒருவன் சத்தியெடுத்துச் சுருண்டு கிடந்தால் அங்கே இருப்பவர்கள் சீனியை யோசிக்க மாட்டார்கள். தூள் இறங்குகிறது, போதை கிடைக்காத நடுக்கம், இரண்டு நாளில் சரிவரும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் திங்கள் வரை பார்க்க வேண்டாம், இப்போதே மறியலுக்குப் போன் எடுங்கள். "சீனி வருத்தம்" என்று மட்டும் சொன்னால் காதில் ஏறாது, நாட்டில் பாதிப் பேருக்குச் சீனி. "இன்சுலின் இல்லாவிட்டால் செத்துப்போகிற நோயாளி, கடைசி ஊசி வெள்ளி காலை" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு விஷயமும் முக்கியம்.

பழைய_கொப்பி | சனி, இரவு 8.05

நான் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். பாலைப்பழம் அக்கா சொன்னதைச் செய்யுங்கள், செய்யும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனை எடுக்கிறவரிடம் இரவுக் கடமையில் இருக்கிற ஜெயிலர் யார் என்று கேட்டு, பெயர், நேரம், என்ன சொன்னார் என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். "ஐயா, நான் சொன்னதை உங்கள் புத்தகத்தில் பதிந்துவிடுங்கோ" என்று மட்டும் கேளுங்கள். பதிந்துவிட்டால் பிறகு எனக்குத் தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது. வாயால் சொன்னது விடிந்தால் இல்லாமல் போகும்.

அடுத்தது 1996, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம். வவுனியாவில் அவர்களுடைய பிராந்திய அலுவலகம் இருக்கிறது. மூன்றாவது, திங்கள் காலை நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம். தவணை வரும்வரை இருக்கத் தேவையில்லை, வழக்கைக் கூப்பிடச் சொல்லி, சந்தேகநபருக்குச் சிகிச்சை கொடுத்து மருத்துவ அறிக்கை சமர்ப்பிக்கும்படி சிறைச்சாலை அத்தியட்சகருக்குக் கட்டளை கேட்கலாம். நீதவான்மார் இதைச் சாதாரணமாகவே போடுவார்கள். கேட்க ஆள் இல்லாததுதான் குறை. காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

வெள்ளிக்கிழமை கூண்டில் நின்றபோதே "ஐயா எனக்கு ஊசி போடுகிற வருத்தம்" என்று அவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே வழக்கேட்டில் ஏறியிருக்கும். குற்றம் சொல்லவில்லை. முதல்முறை கூண்டில் ஏறுகிறவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், நான் தினமும் பார்க்கிறேன். பெயரைக் கேட்டால் தகப்பன் பெயரைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மட்டுறுத்துநர் | சனி, இரவு 8.11

எந்த மறியல், எந்தப் பொலிஸ், எந்த உத்தியோகத்தர் என்று யாரும் எழுத வேண்டாம். தம்பியின் பெயரும் வேண்டாம். வழக்கு நடக்கிறது. இழையை மேலே ஒட்டிவைக்கிறேன்.

முறிகண்டிக்_கச்சான் | சனி, இரவு 8.50

தங்கச்சி கோபிக்காதேங்கோ, உங்கள் தம்பிக்கு நல்லது நடக்கட்டும். ஆனால் பொதுவாக ஒன்று கேட்கிறேன். என் அப்பா மாதம் ஒருக்கா கிளினிக்குக்கு விடியப்புறம் நாலு மணிக்குப் போய் நம்பர் எடுக்கிறார். 11 மணிக்கு டொக்டரைக் கண்டால் துண்டில் எழுதின ஐந்து மருந்தில் இரண்டு இல்லை, வெளியில் வாங்கு என்கிறார்கள். 2022இல் இன்னும் மோசம், ஒரு பிறஸ்ஸர் குளிசைக்குக் கிளிநொச்சி முழுக்க அலைந்தேன். ஒரு குற்றமும் செய்யாத மனிசனுக்கு இந்த நிலை. இந்தக் கேரளக் கஞ்சா, தூள், ஐஸ், மண், கசிப்பு என்று உள்ளே போனவர்களுக்கு டொக்டர் தேடி வர வேண்டும், பிறிட்ஜ் வேண்டும் என்றால் எனக்கு வயிறு எரிகிறது. ஆற்றைத் தோண்டித் தோண்டி எங்கள் கிணறு வற்றினதுக்கு யார் மருந்து தருவது?

பழைய_கொப்பி | சனி, இரவு 9.15

கச்சான் அண்ணை, கிணறு வற்றின கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் மண் கேஸில் அகப்படுகிறவன் எப்போதும் ஓட்டுநர்தான், மண் விற்றவன் இல்லை. அது வேறு கதை.

குற்றம் செய்யாத மனிசன் என்றீர்கள். விளக்கமறியலில் இருக்கிறவனும் சட்டப்படி அப்படித்தான். அரசியலமைப்பில் 13ஆம் உறுப்புரை, 5ஆம் பந்தி, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை சுற்றவாளி. அதற்கு மேலே 4ஆம் பந்தி இருக்கிறது, அதை ஒருவரும் வாசிப்பதில்லை. விசாரணை முடியும்வரை ஒருவரை அடைத்து வைப்பது தண்டனை ஆகாது என்று எழுதியிருக்கிறது. நாட்டு மறியல்களில் இருக்கிறவர்களில் பாதிக்கு மேல் இப்படித் தீர்ப்பு வராதவர்கள்தான்.

உங்கள் அப்பாவுக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசம். மருந்து இல்லை என்றதும் நீங்கள் கிளிநொச்சி முழுக்க அலைந்தீர்கள். அவனுக்கு அலைய முடியாது. அவனுடைய தாய் அலைந்து கொண்டுபோனதையும் வாசலில் திருப்பிவிட்டார்கள். கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருக்கிறவன்தானே உள்ளே இருக்கிறவனுக்குப் பொறுப்பு? நீங்கள் மாட்டைக் கட்டினால் தண்ணி வைக்க மாட்டீர்களா?

நெத்தலியாறு | சனி, இரவு 10.30

நான் இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு மணித்தியாலமாக யோசித்தேன். நான் ஓய்வுபெற்ற ஜெயில் கார்ட். எங்கே வேலை செய்தேன் என்று சொல்லவில்லை.

தங்கச்சி, போன் எடுத்தீர்களா? எடுத்து ஒரு மணித்தியாலத்தில் மறுபடி எடுங்கள். இரவுக் கடமைக்காரருக்கு ஒரு முறை வந்த போன் தொல்லை, மூன்று முறை வந்தால் பயம். பயம் வந்தால்தான் ஆளைப் போய்ப் பார்ப்பார்.

ஏன் மருந்து வாங்குவதில்லை என்று சொல்கிறேன். நியாயப்படுத்தவில்லை. குளிசை என்ற பெயரில் வாசலுக்கு வருவதில் பெரும்பங்கு நரம்பு வலிக்குக் கொடுக்கிற ப்ரிகபலின். வடக்கில் அதைப் போதைக்குத்தான் தின்கிறார்கள். ஒருமுறை பிறஸ்ஸர் குளிசை அட்டையைப் பின்பக்கம் பிளேட்டால் கீறி, உள்ளே வேறு வைத்து ஒட்டிக் கொண்டுவந்தார்கள். நான் விட்டிருந்தால் என் வேலை போயிருக்கும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் திருப்பினேன். எல்லாவற்றையும் என்றால் மூச்சு முட்டுகிற வருத்தக்காரக் கிழவன் ஒருவர் வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்பையும். பம்புக்குள் எதை ஒளிக்க முடியும்? ஒன்றும் முடியாது. எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் "மருந்து எடுப்பதில்லை" என்று ஒரு சொல் பழகிவிட்டால் யோசிக்கத் தேவையில்லை, வரிசை வேகமாகப் போகும். மகள்காரி பம்பைக் கையில் வைத்துக்கொண்டு மதிலோரம் நின்றதை இப்போதும் காண்கிறேன்.

அடுத்தது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. உள்ளே வருகிற டொக்டர் "பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு" என்று துண்டு எழுதுவார், அது சுகம். ஒரு ஆளுக்கு இரண்டு கார்ட் போக வேண்டும், வாகனம் வேண்டும். வழக்கு நாளில் வாகனமும் ஆட்களும் கோட்டுக்குப் போய்விடும். வார்ட்டில் நிறுத்தினால் இரவும் பகலும் மாறிமாறி இரண்டு பேர் கட்டிலடியில் இருக்க வேண்டும். மூன்று கைதிகள் வார்ட்டில் என்றால் மறியலில் வாசல் பார்க்க ஆள் இல்லை. அதனால் ஜெயிலர் மனதில் ஒரு தராசு ஓடும், இவன் உண்மையாகவே செத்துப்போவானா, இல்லை நாளைவரை இழுப்பானா என்று. அந்தத் தராசைப் பிடிக்க அவருக்கு ஒருவரும் படிப்பித்துவிடவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழு 20 மறியல்களுக்குப் போய் எழுதின ஆய்வு 2020இல் வந்தது, அதிலும் ஆள் இல்லை வாகனம் இல்லை என்ற இந்தக் கதை இருக்கிறது. நாங்கள் வாயால் சொன்னதை அவர்கள் புத்தகமாகப் போட்டார்கள், அவ்வளவுதான்.

விசுவமடு_தங்கச்சி | சனி, இரவு 10.52

மூன்று தரம் எடுத்துவிட்டேன். மூன்றாவது முறை பதிந்ததாகச் சொன்னார். பெயரும் தந்தார். 1996க்கும் சொல்லிவிட்டேன். அம்மா சாமியறையை விட்டு வெளியே வரவில்லை.

விசுவமடு_தங்கச்சி | ஞாயிறு, பகல் 1.35

ஆள் உயிரோடு இருக்கிறான். ஆஸ்பத்திரியில், வார்ட்டில்.

நடந்தது இதுதான், அவன் சொன்னபடி எழுதுகிறேன். பின்னேரத்திலிருந்தே சத்தி. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் பாலைப்பழம் அக்கா சொன்னது போலவே "தூள் இறங்குது, விடு" என்றிருக்கிறார்கள். அந்தக் கூட்டில், மறியல் அறையில், உண்மையான தூள்காரர் ஒருவர் இருந்தார், நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். அவர் எழும்பி வந்து தம்பியின் முகத்துக்குக் கிட்ட மூச்சை மணந்து பார்த்திருக்கிறார். "இது இறக்கம் இல்லை. நான் நாலு தரம் இறங்கினவன். இறங்கிறவனுக்கு மூக்கு ஓடும், கொட்டாவி வரும், தோல் பொங்கும். இவன் காயாத தோலோடு மூச்சு வாங்கிறான், வாயில் பழ மணம்" என்று சொல்லி, அலுமினியக் கோப்பையால் கம்பியில் அடிக்கத் தொடங்கினாராம். மற்றவர்களும் சேர்ந்து அடித்தார்கள். கார்ட் ஏசிக்கொண்டு வந்தாராம். வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதானா அந்தப் போன் வந்த ஆள்" என்றாராம்.

இரவு ஒரு மணிபோல் கொண்டுபோனார்கள். சீனி பார்க்கிற மெஷினில் எண்ணே வரவில்லை, "ஹை" என்று மட்டும் காட்டினதாம். காலையில் அம்மா பார்த்தார். இரண்டு கையிலும் சேலைன். வலது கால் கட்டில் காலோடு விலங்கில். கார்ட் ஒருவர் பக்கத்தில் கதிரையில் நித்திரை. அம்மா விலங்கைப் பார்த்து அழுதிருக்கிறார். அந்தக் கார்ட் எழும்பி, "அழாதேங்கோ அம்மா, சாப்பாடு குடுக்கிறதென்றால் குடுங்கோ" என்று கதிரையை விட்டுக்கொடுத்தாராம்.

எல்லாருக்கும் நன்றி. போன் எடுக்கச் சொன்னவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பாலைப்பழம் | ஞாயிறு, பகல் 1.50

மெஷின் "ஹை" காட்டினால் அநேகமாக 600க்கு மேலே என்று அர்த்தம். தெய்வமே. "காயாத தோல்" என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் "வேர்க்காத தோல்" என்று சொல்லியிருப்பார், உடம்பில் தண்ணி வற்றினால் தோல் உலர்ந்துதான் இருக்கும். அந்த மனிசனுக்கு நர்ஸ் வேலை கொடுக்கலாம்.

ஒட்டுசுட்டான்_2 | ஞாயிறு, மாலை 5.10

நான் இரண்டு வருடமும் மூன்று மாதமும் விளக்கமறியலில் இருந்து வழக்கில் விடுதலையானவன். அதனால் கொஞ்சம் எழுதலாம்.

என் முதுகில் 2009 சண்டையில் பட்ட செல் துண்டு இருக்கிறது, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில். எடுத்தால் கால் வழங்காமல் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். வன்னியில் இப்படி எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். வெளியில் இருந்தபோது மெத்தையில் ஒருக்களித்துப் படுப்பேன், வலி வந்தால் மனிசி சுடுதண்ணி ஒத்தடம் பிடிப்பா. உள்ளே சீமெந்துத் தரை. இடம் காணாது, ஒரு கூட்டில் எல்லாரும் ஒரே பக்கம் சரிந்துதான் படுக்க வேண்டும், நடு இரவில் ஒருவன் "திரும்பு" என்பான், வரிசை முழுக்கத் திரும்பும். எனக்கு இடப்பக்கம் படுத்தால் துண்டு குத்தும். அதை யாருக்குச் சொல்வது? மருந்துக்கு என்று பெயர் பதிந்து, முறை வந்து போனால், வலிக்கும் பனடோல், காய்ச்சலுக்கும் பனடோல், சொறிக்கும் பனடோல் தருவார்களோ என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். சொறி மட்டும் எல்லாருக்கும் வந்தது. ஒருவனுக்கு மருந்து பூசிப் பயனில்லை, ஒரே நாளில் கூடு முழுக்கப் பூசி, உடுப்பும் விரிப்பும் வெயிலில் போட வேண்டும். அதைச் சொல்லி அப்படியே செய்வித்த ஒரு டொக்டரும் வந்தார், பாவம், இளம் ஆள், மூன்று மாதத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் போனபிறகு எங்கள் மருந்துத் துண்டுகள் யாரிடம் போயின என்று தெரியாது. ஒருமுறை எம்ஆர்ஐ எடுக்க எழுதினார்கள். உடம்பில் இரும்பு இருக்கிறது, அந்த மெஷினுக்குள் படுக்கக்கூடாது என்று நானே சொல்லித்தான் நின்றது. என் பழைய கொப்பி அங்கே ஒருவரிடமும் இல்லை.

தங்கச்சிக்கு முக்கியமானது, தம்பி திரும்பிப் போனபிறகு பின்னேர ஊசி. நான் இருந்த இடத்தில் இரவுச் சாப்பாடு நாலரைக்கு. பிறகு பூட்டினால் விடிய வரை ஒன்றும் இல்லை. எங்களோடு இருந்த ஒரு ஐயாவுக்கு ஆறு மணிக்கு ஊசி போடுவார்கள், சாப்பாடு முடிந்து ஒன்றரை மணித்தியாலம் கழித்து. இரவு 11க்கு அவருக்கு வேர்த்து நடுங்கும், ஆளைத் தெரியாது. நாங்கள் தேத்தண்ணிக்கு ஒளித்து வைத்த சீனியை வாயில் போடுவோம். ஊசி இல்லாவிட்டாலும் சாவு, நேரம் தப்பிப் போட்டாலும் சாவு.

அப்புறம், 2012 ஞாபகம் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வவுனியா மறியலில் ஜூன் கடைசியில் கைதிகள் நடத்தின போராட்டத்தை அடக்கினதற்குப் பிறகு இங்கிருந்து தெற்கே கொண்டுபோனவர்களில் நிமலரூபன் ஜூலை 4இல் ராகம ஆஸ்பத்திரியில் இறந்தார், டெல்றொக்சன் ஓகஸ்டில். இரண்டு பேரும் விளக்கமறியல்காரர். 2020 நவம்பர் 29 மகர மறியலில் கொரோனாப் பயத்தில் தொடங்கின கலவரத்தில் 11 பேர் செத்தார்கள். கூட்டுக்குள் நோய் வந்தால் வெளியில் இருக்கிறவனுக்கு வருகிற பயம் வேறு, உள்ளே இருக்கிறவனுக்கு வருகிற பயம் வேறு. ஓட இடமில்லாத பயம்.

முறிகண்டிக்_கச்சான் | ஞாயிறு, மாலை 6.02

நேற்று எழுதினதை அழிக்கவில்லை, கிடக்கட்டும். அப்பாவின் கிளினிக் கதை இன்றைக்கும் உண்மைதான். ஆனால் கோபத்தைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டேன் போல.

2025 ஓகஸ்டில் முன்னாள் ஜனாதிபதி ரணிலை விளக்கமறியலில் வைத்தார்கள். அடுத்த நாளே கொழும்பு தேசிய வைத்தியசாலை, அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. அவருக்கு உண்மையாகவே சுகமில்லாமல் இருந்திருக்கும், வயதான மனிசன், நான் அதைக் கேட்கவில்லை. அப்போது வாகனம் இருந்தது, கார்ட் இருந்தது, டொக்டர் இருந்தார். வெள்ளிக்கிழமையில் போன ஆளுக்கு "திங்கள் டொக்டர் வருவார்" என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படியென்றால் செய்ய முடியும். விசுவமடுப் பெடியனுக்கு மூன்று போனும் ஒரு தூள்காரனும் தேவைப்பட்டிருக்கிறது.

ஈச்சம்பற்றை | ஞாயிறு, இரவு 8.20

பெண்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை, கசிப்புக் கேஸில் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனாள், அது தண்டனை, விளக்கமறியல் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐந்து மாத வயிறு. குடும்பநல மாது வீட்டுக்கு வந்து பார்க்கிற கர்ப்பிணி அட்டை வீட்டுக் கூரையில் செருகியபடி கிடந்தது. யாராவது அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இந்த இழையை வாசித்தபிறகுதான் அந்த அட்டை நினைவுக்கு வந்தது.

பழைய_கொப்பி | திங்கள், காலை 6.40

இன்றைக்கு நகர்த்தல் பத்திரம் போகிறதுதானே? சட்டத்தரணியிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள், நான் வாயால் சொல்லி மறந்துவிடுவார்கள் என்று எழுதுகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி என்று நேரத்தோடு கட்டளையில் வர வேண்டும். ஆஸ்பத்திரிச் சிகிச்சைத் துண்டின் பிரதி வழக்கேட்டில் இருக்க வேண்டும். அடுத்த தவணையில் மறியலில் இருந்து அறிக்கை வர வேண்டும். பிணையும் கேட்பார்கள், கேட்கட்டும். நோயைக் காட்டிப் பிணை கேட்டால் தனியார் டொக்டர் கடிதத்தைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள், அரச வைத்தியரின் அறிக்கையைத்தான் பார்ப்பார்கள். வார்ட்டில் இருந்த துண்டு இப்போது உங்கள் கையில் பெரிய ஆயுதம்.

மண்டேலா விதிகள் என்று ஐநா 2015இல் ஏற்றுக்கொண்டது ஒன்று இருக்கிறது. 24ஆம் விதி, வெளியில் இருக்கிறவனுக்குக் கிடைக்கிற அதே தரத்தில் உள்ளேயும், இலவசமாக. 30ஆம் விதி, உள்ளே வந்ததும் முடிந்தவரை கெதியாக ஒரு வைத்தியர் பார்க்க வேண்டும். 118ஆம் விதி தீர்ப்பு வராதவர்களுக்கென்றே எழுதினது, நியாயமான காரணம் இருந்து செலவைத் தானே கொடுத்தால் தன் சொந்த டொக்டரைக் கூப்பிடலாம். இவை எங்கள் நாட்டுச் சட்டம் இல்லை, நீதவானைக் கட்டாது. ஆனாலும் சட்டத்தரணி வாயில் வந்தால் ஒரு பாரம் இருக்கும்.

இன்னொன்று. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. போகிறீர்களோ இல்லையோ, 1996க்குச் சொன்னதை எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

விசுவமடு_தங்கச்சி | செவ்வாய், இரவு 9.05

பிணை கிடைக்கவில்லை. கட்டளை கிடைத்தது. நீதவான் கொப்பியை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தாராம், 14 வயதிலிருந்து ஒட்டி ஒட்டித் தடித்த கொப்பி. "இதை ஏன் வெள்ளிக்கிழமை காட்டவில்லை" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா நீதிமன்ற வாசலில்தான் நின்றார், கொப்பி கைப்பைக்குள் இருந்தது.

இன்று தம்பியை வார்ட்டில் இருந்து மறியலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மருந்துக் குப்பி அங்கே மருந்தறைப் பிறிட்ஜில். ஊசி காலை ஏழுக்கும் பின்னேரம் நாலுக்கும். இரவுக்கு மலிபன் பிஸ்கட் பெட்டி ஒன்றும் குளுக்கோஸ் பெட்டி ஒன்றும் கூட்டுக்குள் வைத்திருக்க விட்டிருக்கிறார்கள். ஒட்டுசுட்டான் அண்ணை எழுதியிருக்காவிட்டால் எங்களுக்கு அது தெரியாது.

நெத்தலியாறு | செவ்வாய், இரவு 9.40

கரண்ட் போனால் பிறிட்ஜ் நம்ப முடியாது. ஜெனரேட்டர் இருக்கும், ஆனால் மருந்தறைக்கு லைன் இருக்காது. ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதல் கிழமைதான் எல்லாரும் கவனமாக இருப்பார்கள், இரண்டாவது கிழமை கார்ட் மாறுவார், "நாலு மணி" நாலரையாகும், ஐந்தாகும். பார்க்கப் போகிற ஒவ்வொரு முறையும் "நேற்று எத்தனைக்குப் போட்டார்கள்" என்று தம்பியிடம் கேளுங்கள், கார்டின் காதில் விழுகிற மாதிரிக் கேளுங்கள்.

பாலைப்பழம் | செவ்வாய், இரவு 9.55

பிறிட்ஜ் இல்லாவிட்டாலும் திறந்த குப்பி நாலு கிழமை வரை நிற்கும், வெயில் படாமல், சூடில்லாத இடமாக இருந்தால். பழைய ஆட்கள் செய்கிற மாதிரி மண்சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் சின்னச் சட்டி. எங்கள் கிளினிக்கில் கரண்ட் இல்லாத வீடுகளுக்கு இப்போதும் இதைத்தான் சொல்கிறோம்.

விசுவமடு_தங்கச்சி | புதன், மாலை 6.30

ஒரு கேள்வி, தம்பியைப் பற்றி இல்லை. கம்பியில் தட்டின அந்த மனிசனுக்கு வீட்டில் இருந்து ஒருவரும் வருவதில்லை. இன்று அம்மா அவருக்கும் ஒரு சோற்றுப் பார்சல் கொடுத்துவிட்டிருக்கிறார். தம்பி சொல்கிறான், அவர் இரவு முழுக்க இருமுகிறாராம், சளியில் ஒருமுறை இரத்தமும். கசத்துக்கு, ரிபி வருத்தத்துக்கு, மருந்து குடித்துக்கொண்டிருந்தவராம், இரண்டு மாதம் முடிந்து மற்ற நாலு மாதத்தில் கை வைக்க முன்னமே பிடித்துவிட்டார்கள். உள்ளே வந்து பதினைந்து நாள், ஒரு குளிசையும் இல்லை. சொன்னால் தனியே போட்டுவிடுவார்கள் என்று பயத்தில் சொல்லவில்லை. எந்த மார்பு நோய்க் கிளினிக் என்று தம்பி கேட்டு வைத்திருக்கிறான். நான் போய் அவருடைய கொப்பியைக் கேட்டால் தருவார்களா? உறவு இல்லை.

பாலைப்பழம் | புதன், மாலை 6.38

தர மாட்டார்கள், தரவும் கூடாது. கொப்பியைக் கேட்க வேண்டாம். அவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, நாளைக்கே போய், ஆளின் பெயரைச் சொல்லி, இன்ன இடத்தில் இருக்கிறார், பதினைந்து நாளாக மருந்து இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். மருந்து எடுக்க வராதவர்களை அவர்கள் தேடுவார்கள், இப்போது வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். மற்றதை அவர்கள் மறியலோடு பேசுவார்கள். தம்பியும் சளிப் பரிசோதனை கேட்க வேண்டும், சீனிக்காரருக்குக் கசம் சுலபமாகப் பிடிக்கும். எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?

விசுவமடு_தங்கச்சி | புதன், மாலை 6.44

நாலரை பஸ்.

முறிகண்டிக்_கச்சான் | புதன், மாலை 7.10

நாளை அப்பாவின் கிளினிக் நாள், நானும் அந்தப் பக்கம்தான். முறிகண்டியில் ஏறுவேன். நம்பர் எடுக்கிற வரிசை எந்தப் பக்கம் என்று காட்டிவிடுகிறேன், புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் தப்பான வரிசையில்தான் நிற்பார்கள்.